கோழி இறகும் பட்டு நூலும்: ட்ரௌட் மீனுக்குப் பொய் ஈ கட்டுதல்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினருக்கான சொற்பொழிவு)



தாமிரபரணிக் கரையில் வாழ்பவருக்கு மீனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. பாபநாசத்துப் படித்துறையில் பொரி தூவினால் மீன்கள் திரண்டு வந்து மொய்ப்பதைக் காணாதவர் இவ்வட்டாரத்தில் எவருமிலர். ஆனால் இங்கே சொல்லப் புகும் ட்ரௌட் மீன் இவ்வாற்றில் கிடையாது. அது குளிர்ந்த மலையோடைகளிலேயே வாழும். நீரின் சூடு 20 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டி நீடித்தால் அதற்கு ஒவ்வாது. 1860-களில் பிரான்சிஸ் டே என்ற வைத்திய அதிகாரி அதனை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்றும் கைகூடவில்லை. பின்னர் ஹெச். ஸி. வில்ஸன் என்பவருடைய முயற்சியால் 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் நிலையம் ஏற்பட்டு, மீனும் நிலைத்தது. காஷ்மீரத்திலோ 1900-லேயே ஸ்காட்லாந்து முட்டைகள் வந்து சேர்ந்துவிட்டன.

இல்லாத மீனுக்குத் தூண்டில் கட்டும் வித்தையை அம்பாசமுத்திரம் பக்கத்தில் எடுத்துரைப்பானேன் என்று கேட்கலாம். மீன் இங்கில்லை; அதற்குத் தூண்டில் கட்ட உதவும் பறவை இங்குண்டு. அப்பறவையால் லாபமும் வரலாம், சிறைவாசமும் வரலாம். ஆகையால் இரண்டையும் பிரித்தறிந்துகொள்வது அவசியம்.

முதலில் சிறைவாசத்தைச் சொல்லிவிடுவோம். பாபநாசம், களக்காடு மலைகளில் மேயும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியின் சேவலுக்குக் கழுத்து இறகுகளின் நுனியில் அரக்குச் சொட்டுப்போல மஞ்சள் புள்ளிகள் மின்னும். ஸால்மன் என்னும் பெரிய மீனுக்குப் பகட்டான ஈ கட்டும் இங்கிலாந்து தேசத்தார் இவ்விறகை மிகவும் விரும்பினர். அதன் பொருட்டுத் தென்னிந்தியக் காடுகளில் இப்பறவை ஏராளமாகச் சுடப்பட்டுக் கழுத்துத் தோல்கள் கப்பலேறின. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதனை வேட்டையாடுவதும், அதன் இறகை விற்பதும் குற்றம். கவுதாரிக்கும் அச்சட்டம் காவலாக நிற்கிறது. வயலில் உதிர்ந்து கிடக்கும் மயில் தோகையைப் பொறுக்கலாம், அயல்நாட்டுக்கு அனுப்பலாகாது. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் 1988 முதல் அம்மலைகளில் இருந்து வருகிறது. எவரேனும் தரகர் வந்து காட்டுக்கோழித் தோலுக்கு நல்ல விலை பேசினால், அவரோடு பேச்சை வளர்க்காமலிருப்பதே நலம். அகப்படுபவர் பெரும்பாலும் தரகர் அல்லர், தோல் கொடுத்தவரே.

இனி லாபத்தின் பக்கம். ட்ரௌட்டுக்கு உகந்த பழமையான ஈ ஒன்றுண்டு. அதற்கு இந்தப் பகட்டு எதுவும் வேண்டாம். இங்கிலாந்தின் வடபகுதியிலும் ஸ்காட்லாந்திலும் ஓடைக்கரை மக்கள் கட்டிவந்த மெல்லிறகு ஈ அது. ஸ்டீவர்ட் என்பவர் 1857-லும், பிரிட் என்பவர் 1885-லும் இதைக் குறித்துப் புத்தகங்கள் எழுதினர். கல்லின் அடியில் வளர்ந்த நீர்ப்பூச்சி இறக்கை முளைக்கும் தருணத்தில் மேலே எழும்பும். அப்போது அதன் கால்கள் நீரோட்டத்தில் துடிக்கும். மிருதுவான இறகின் இழைகள் அத்துடிப்பை அப்படியே காட்டுகின்றன. சேவலின் கழுத்து இறகு விறைப்பானது. நீர்மேல் மிதக்கும் ஈக்கு அது ஆகும், இதற்கு ஆகாது. பெட்டைக்கோழியின் கழுத்து இறகும் தோள் இறகுமே வேண்டற்பாலன. அவர்கள் கவுதாரி இறகைக் கட்டினார்கள். பழுப்பும் கருமையும் கலந்த புள்ளிப் பெட்டையின் இறகு அதற்கு ஈடாகும். நம் ஊர் நாட்டுக்கோழிகளில் அவ்வகைப் பெட்டை தேடித் திரிய வேண்டியதன்று. கறிக்கடையில் குப்பைக்குப் போகும் வஸ்து அது.

கட்டும் முறை வருமாறு. சிறு தூண்டில் முள்ளைத் தட்டார் வைத்திருப்பது போன்ற சிறு வைஸில் இறுக்கிக்கொள்ள வேண்டும். மெல்லிய பட்டு நூலைத் தேன்மெழுகில் ஒருமுறை இழுத்து, முள்ளின் காதுக்குச் சற்றுப் பின்னே ஆரம்பித்து, ஒரு சுற்றை ஒரு சுற்று தொடும்படி வளைவை நோக்கிச் சுற்றவேண்டும். முள்ளின் கூர்முனைக்கு நேர்மேலே வந்ததும் நின்று, அதே நூலைத் திரும்பக் காதுவரை சுற்றினால் உடல் முடிந்தது. ஆரஞ்சு, மஞ்சள், பச்சை ஆகிய பட்டு நிறங்களே வழக்கம். நனைந்த பட்டு கருத்துத் தெளிந்து, உள்ளே இருக்கும் இரும்பையும் லேசாகக் காட்டும். உயிருள்ள பூச்சியின் உடலும் அவ்வாறே தோன்றும். பருத்தி நூலில் இது வாராது.

பின்பு இறகு. அடியிலுள்ள பஞ்சுத் தூவியை உரித்துவிட்டு, நுனியை விட்டு மற்ற இழைகளைப் பின்னோக்கி நீவி, நுனியைக் காதுக்குப் பின்னே கட்ட வேண்டும். இழையின் நீளம் முள்ளின் வளைவை எட்டினால் போதும். இறகை இரண்டு சுற்று மட்டுமே சுற்றலாம். மூன்றாவது சுற்றைச் சுற்றத்தான் எல்லார் கையும் துடிக்கும். இழை அடர்ந்தால் ஈ நீரில் துடைப்பம் போல நிற்கும், மீன் தொடாது. ஆகவே ஒரு பக்கத்து இழைகளை முன்னமே உரித்துவிடுவாரும் உளர். கடைசியாக நூலின் நுனியை அதன் மேலேயே நான்கு சுற்றுச் சுற்றி, அச்சுற்றுகளின் உள்ளே இழுத்து அறுத்து, ஒரு சொட்டு வார்னிஷ் வைத்தால் வேலை முடிவு.

பத்தமடையில் கோரையை ஊறவைத்து நூலினும் மெல்லிதாகக் கிழித்துப் பாய் நெய்யும் கைகளுக்கு இது கடினமான காரியமன்று. ஆப்பிரிக்காவில் கென்யா தேசத்துப் பெண்கள் இத்தொழிலால் ஜீவனம் செய்கின்றனர். எனினும் சங்கங்கள் அவசரப்படலாகாது. முதலில் பத்துப் பேர் பழகி, ஒரே அளவாக ஒரு டஜன் கட்டி, காஷ்மீரத்திலும் இமாசலத்திலும் தூண்டில் போடுவோருக்கு மாதிரி அனுப்பி, அவர்கள் வாய்ச்சொல்லை அல்ல, கேட்டு எழுதும் ஆர்டரைக் கண்ட பிறகே கடன் கொடுப்பது முறை. ஒரு டஜனில் இரண்டு ஈ கோணலாயிருந்தால் பன்னிரண்டையும் திருப்பியனுப்பும் வியாபாரம் இது. வெளிநாட்டுக்கு அனுப்புவதானால் இறகில் நோயில்லை என்பதற்குரிய சான்றும் கேட்பார்கள்.

இறகைச் சேர்ப்போர் அதனைச் சவுக்காரத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, அளவு வாரியாகப் பிரித்து, சூடம் போட்ட டப்பாவில் மூடி வைக்க வேண்டும். இல்லையெனில் அந்துப்பூச்சி அரித்துவிடும். கட்டிய ஈயைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. கண்ணாடித் தம்ளரில் நீர் ஊற்றி, ஈயை நூலில் கட்டி அமிழ்த்தி, மெள்ள மேலே இழுத்துப் பார்க்க வேண்டும். இழைகள் உடலோடு ஒட்டிப் படிந்து, இழுப்பை நிறுத்தியதும் மறுபடி விரிந்தால் அது விலைக்குப் போகும்.