நீர்த்திட்டமும் அநேகாந்தமும்



வடிகட்டாத நீரை அருந்தாமை சமண இல்லறத்தாரின் தொன்மையான ஒழுக்கங்களுள் ஒன்று. நீரே உயிருடையது, அதனுள் கண்ணுக்குப் புலப்படாத சிற்றுயிர்களும் வாழ்கின்றன என்பதே அதன் அடிப்படை. வடிகட்டிய துணியில் தங்கியவற்றை உதறி எறிந்துவிடாமல், நீர் முகந்த கிணற்றிலேயே மெல்லச் சேர்ப்பதும் அவ்வொழுக்கத்தின் ஒரு பகுதியாகும். எடுத்த நீருக்கு மட்டுமன்றி, எஞ்சியதற்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பதே இதன் உட்பொருள்.

ஊர்க்கிணற்றில் நீர் இறைத்த காலத்தில் இப்பொறுப்பு ஒவ்வொரு வீட்டின் கையிலும் இருந்தது. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரச் சிற்றூர்களிலிருந்து நகரங்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களுக்கு இன்று நீர் குழாய் வழியே வருகிறது. அது எங்கே எடுக்கப்படுகிறது, பயன்படுத்தப்பட்ட பின் எங்கே விடப்படுகிறது என்பவற்றை அரசின் நீண்டகாலத் திட்டங்களே முடிவு செய்கின்றன. இன்று இடப்படும் பெருங்குழாயும் கட்டப்படும் நிலையமும் பல பத்தாண்டுகள் நிலைத்து நிற்பவை. இன்னும் பிறவாத மக்களையும் கட்டுப்படுத்துபவை. ஆகவே, அத்திட்டங்களில் மக்களை எப்போது கலந்துகொள்வது என்பது அறத்தைச் சார்ந்த வினாவும் ஆகும்.

இவ்வினாவுக்கு ஆஸ்திரேலிய நாட்டின் இரு நகரங்கள் இருவேறு விடைகளைத் தருகின்றன.

குயின்ஸ்லாந்து மாநிலத்தின் டூவூம்பா நகரம் கடும் வறட்சியில் சிக்கியிருந்த காலம் அது. கழிவுநீரை உயர்தரமாகத் தூய்மை செய்து குடிநீர் அணையில் சேர்க்கும் திட்டத்தை நகர மன்றம் 2005இல் அறிவித்தது. திட்டம் உருவான பின்னரே அது மக்களிடம் வந்தது. ஐயமும் அச்சமும் அருவருப்பும் நகரெங்கும் பரவின. 2006 ஜூலை 29 அன்று நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 62 விழுக்காட்டினர் அதனை மறுத்தனர். பின்னர் வைவன்ஹோ அணையிலிருந்து குழாய் வழியாக அந்நகருக்கு நீர் கொண்டுவர வேண்டியதாயிற்று.

மேற்குக் கரையில் உள்ள பெர்த் நகரமும் மழை குறைந்து அணைகள் வற்றும் நிலையை நெடுங்காலமாகக் கண்டு வந்தது. அங்கும் ஏறத்தாழ அதே தொழில்நுட்பமே கையாளப்பட்டது. தூய்மை செய்த நீர் அணைக்கு மாறாக நிலத்தடி நீரோடு சேர்க்கப்பட்டது. ஆனால் 2010 முதல் 2012 வரை முதலில் சோதனை மட்டுமே நடத்தப்பட்டது. சோதனை நிலையத்தை மக்கள் நேரில் வந்து காண வழி செய்யப்பட்டது. நீரின் தரம் குறித்த ஆய்வு முடிவுகள் வெளியிடப்பட்டன. முழு அளவிலான நிலையம் 2017இல் ஆண்டுக்கு 1,400 கோடி லிட்டர் திறனுடன் செயற்படத் தொடங்கியது. பின்னர் அத்திறன் இருமடங்காக்கப்பட்டது. இரு நகரங்களின் சூழலும் முற்றிலும் ஒன்றல்ல. எனினும், ஓரிடத்தில் முடிவுக்குப் பின் இசைவு கேட்கப்பட்டது. மற்றோரிடத்தில் முடிவுக்கு முன் ஐயம் கேட்கப்பட்டது என்னும் வேறுபாடு தெளிவானது.

ஐயத்தை முதலில் கேட்பது சமணத்திற்குப் புதியதன்று. ஒரு பொருளுக்குப் பல இயல்புகள் உண்டு. ஒரு நோக்கில் கண்டதே முழு உண்மை ஆகாது என்பது அநேகாந்தம். சென்னைக்குத் தெற்கே நெம்மேலியில் 2013 முதல் இயங்கிவரும் நிலையத்தை எண்ணிப் பார்க்கலாம். பொறியாளரின் நோக்கில் அது நாள்தோறும் 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரத் தொகுதி. தென்சென்னைக் குடும்பத்திற்கு அது கோடையிலும் வற்றாத குழாய். கரையோர மீனவருக்கு அது தம் கடலில் உப்பு மிகுந்த கழிவுநீர் விடப்படும் இடம். கணக்கருக்கு அது பெரும் மின்செலவு. நால்வர் கூற்றும் தத்தம் நயத்தில் உண்மையே. அவற்றுள் ஒன்றை மட்டும் கேட்டு வரையப்படும் திட்டம் ஏகாந்தமாகிவிடும். கேட்கப்படாத உண்மைகள் பின்னர் எதிர்ப்பாகவோ வழக்காகவோ திரும்பி வரும்.

இத்தகைய வினா சென்னையின் வாயிலிலும் நிற்கிறது. 2019ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ முற்றிலும் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் நீர் வந்தது. அவ்வாண்டிலேயே கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை தூய்மை செய்து, நாள்தோறும் தலா 4.5 கோடி லிட்டர் நீரைத் தொழிற்சாலைகளுக்கு அளிக்கும் நிலையங்கள் செயலுக்கு வந்தன. தூய்மை செய்த நீரை ஏரிகளில் சேர்க்கும் எண்ணமும் பேசப்பட்டு வருகிறது. வடிகட்டிய நீரையே அருந்தும் நெறியுடைய குடும்பங்கள் இதற்கு என்ன விடை கூறும்? கேளாமலே இசைவதும் கேளாமலே மறுப்பதும் ஒருசேரத் தவறு. நீரின் தரத்தை யார் ஆராய்கின்றனர், முடிவுகள் எங்கே வெளியாகும், தூய்மை செய்தபின் எஞ்சும் கசடும் உப்புநீரும் எவ்விடத்தில், எவ்வுயிர்களின் நடுவே விடப்படும் என்பன போன்ற வினாக்களே முதலில் எழ வேண்டும். இவற்றுள் கடைசி வினா, வடிதுணியில் தங்கியதைக் கிணற்றில் சேர்த்த மரபினர்க்கே உரிய வினா. அதனை அவர் எழுப்பாவிடின் வேறு எவரும் எழுப்பாது போகலாம்.

மக்கள் கூடி நீரை ஆள்வது இந்நிலத்திற்குப் பழகிய செயல். முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தையும், அதற்கு உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்த முறையையும் விரிவாகக் கூறுகின்றன. ஆயினும் நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே அதில் இடமிருந்தது. இக்காலத்து அவைகள் அக்குறையைக் களைய வேண்டும். குழாயில் நீர் வரும் நேரத்தை அறிந்த பெண்களும், வாடகைக் குடியிருப்போரும், ஏரிக்கரையில் வாழ்வோரும் பேசாத கூட்டம் முழுமையான கூட்டம் ஆகாது. கேட்ட கருத்துகளுள் எது ஏற்கப்பட்டது, எது மறுக்கப்பட்டது, ஏன் என்பதை எழுத்தில் அறிவிப்பதும் அரசின் கடமை. அவ்விடை இல்லாத கலந்தாய்வு வெறும் சடங்காகிவிடும்.

மக்களுக்கும் கடமை உண்டு. தமிழ்நாட்டு நகரங்களில் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் அமைய 2022ஆம் ஆண்டு விதிகள் வழி செய்துள்ளன. சென்னைப் பெருநகருக்கு 2046 வரையிலான மூன்றாம் முழுமைத் திட்டம் உருவாகும் காலமும் இதுவே. வரைபடம் முடிந்தபின் குறை கூறுவதைவிட, வரையும் போதே சென்று அமர்ந்து கேட்பது மேலானது. ஒவ்வொரு பகுதி சபைக்கும் ஒரு சிராவகரும் ஒரு சிராவகியும் தவறாது செல்வதென்று குடும்பங்கள் தமக்குள் உறுதி செய்துகொள்ளுமாயின், விழா நாளில் ஏற்கும் விரதங்களோடு சேர்த்து எண்ணத் தக்க நற்செயலாக அது அமையும். நீருக்காகவும் நீர்வாழ் உயிர்க்காகவும் பேசுதலும் அஹிம்சையே.

அறம் வளர்க!