வெளியே காயமில்லை, உள்ளே ஆபத்து
(சிலிபினில் தோட்டத் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)



இரத்தம் வழிந்தால் நாம் பதறுகிறோம்; காயம் தென்படாவிட்டால் கவலையின்றி வீடு திரும்புகிறோம். இப்பழக்கம் உயிரைப் பறிக்கக்கூடும். ஆகவே மண்ணீரல் அடிபடுவதைப் பற்றி இன்று சிந்திப்போம்.

மண்ணீரல், வயிற்றின் இடப்புறத்தில் கீழ் விலா எலும்புகளின் அடியில் உள்ளது. நோய்க் கிருமிகளை எதிர்ப்பது அதன் பணிகளுள் ஒன்று. இரத்தம் நிறைந்த மெல்லிய உறுப்பாதலின், கிழிந்தால் இரத்தம் வயிற்றுக்குள்ளேயே பெருகும்.

மலேரியா தோட்டங்களை வாட்டிய நாளில் நம் முன்னோர் பலருக்கு மண்ணீரல் வீங்கியிருந்தது. கிள்ளானில் 1901 முதல் அந்நோயை எதிர்த்துப் போராடிய டாக்டர் மால்கம் வாட்சன், தோட்டத்துப் பிள்ளைகளின் மண்ணீரலைத் தொட்டுப் பார்த்தே நோயின் பரவலைக் கணித்தார். வீங்கிய மண்ணீரல் சிறு அடியிலும் கிழியும். இந்தியாவில் ஆக்ரா நகரில் புல்லர் என்னும் ஆங்கிலேய வழக்கறிஞர் அடித்ததில், அவருடைய குதிரைக்காரர் மண்ணீரல் கிழிந்து மாண்டார். விதிக்கப்பட்ட தண்டம் 30 ரூபாய்! அத்தீர்ப்பை 1876இல் இராஜப்பிரதிநிதி லிட்டன் பிரபுவே கண்டித்தார்.

இன்றோ மோட்டார் சைக்கிள் விபத்தும், சரிவில் சறுக்கி விழுதலும் நல்ல மண்ணீரலையும் கிழித்துவிடுகின்றன. இடது விலாவிலும் மேல்வயிற்றிலும் நோவு, அடிபடாத இடது தோளில் வலி, முகம் வெளிறுதல், குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல், நாடி விரைதல் ஆகியவை இதன் அறிகுறிகள். சிலருக்கு இவை பல நாள் கழித்தும் தோன்றலாம்.

அப்போது தைலம் தேய்த்து வயிற்றை உருவாதீர்கள். உண்ணவோ பருகவோ எதுவும் கொடாதீர்கள். அடிபட்டவரைப் படுக்கவைத்து, 999 எண்ணை உடனே அழையுங்கள். அடிபட்ட விதத்தை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள்.

ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளில் ஸ்கேன் கருவியால் உட்காயத்தைக் கண்டறிவர். நாடியும் இரத்த அழுத்தமும் சீராக இருப்பின், பெரும்பாலும் கத்தி வைக்காமலே, படுக்கையில் வைத்துக் கண்காணித்துக் குணப்படுத்துவர். நிலைமை மோசமானால் இரத்தம் ஏற்றி, அறுவை செய்வர். மண்ணீரலை அகற்ற நேர்ந்தாலும் மனிதர் வாழலாம். ஆனால் நிமோனியா, மூளைக்காய்ச்சல் ஆகியவற்றின் கிருமிகளுக்கெதிரான தடுப்பூசிகளைத் தவறாது போட்டுக்கொள்ள வேண்டும். காய்ச்சல் கண்டால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வீடு திரும்பியவர், மருத்துவர் அனுமதிக்கும்வரை பால் வாளி சுமத்தலாகாது. வேலையிலோ, வேலைக்குச் சென்று திரும்பும் வழியிலோ நேர்ந்த விபத்தாயின், சொக்சோவில் சந்தா செலுத்தும் தொழிலாளர் அதன் உதவியைக் கோரலாம்.

தோழர்களே, இழந்த நாள் கூலியை நாளை ஈட்டலாம். இழந்த உயிரை ஈட்ட இயலாது. இடது விலாவில் அடிபட்டால் தாமதம் வேண்டா!