சலவைக்குச் சில கன்னடச் சொற்கள்



பெங்களூரில் குடியேறிய புதிதில், மணப்புடவையொன்றைச் சலவைக்கு அளித்தோம். சாயம் போகும் என்று எடுத்துரைக்க எங்களுக்கு மொழி வரவில்லை, கைச்சாடையே காட்டினோம். அரக்குச் சாயம் வேட்டிகளிலெல்லாம் ஏறிற்று, புடவையும் மங்கிற்று. குறை வெளுத்தவருடையதன்று, வாய் திறவாத எங்களுடையதே.

அன்று வேண்டியிருந்தவை இரண்டே தொடர்கள். ‘பண்ண ஹோகுத்தெ’ என்றால் வண்ணம் போகும். ‘பேரெ ஒகெயிரி’ என்றால் வேறாகத் துவையுங்கள். சொல்லின் முதலில் நிற்கும் நம் வகரம் கன்னடத்தில் பெரும்பாலும் ‘பம்பரம்’ என்பதன் நடுவில் ஒலிக்கும் பகரமாகும். நம் பகரமோ ஹகரமாகும். இவ்விரு விதிகளை அறிந்தால் அயன்மொழி உறவுமொழியாகிவிடும். ‘நெரளல்லி ஒணகிஸி’ என்பது நிழலில் உலர்த்துங்கள் என்பதே. நம் ‘உணங்கல்’ அதில் ஒலிக்கின்றதன்றோ! ‘நாளெ பேகு’ என்பது நாளை வேண்டும்.

ஒன்று மறவற்க. 12ஆம் நூற்றாண்டில் பசவண்ணர் காலத்தே வாழ்ந்த மடிவாள மாச்சிதேவர் சலவைத் தொழிலாளர். கன்னடத்தில் வசனங்கள் இயற்றிய சான்றோர். ஆதலின் ‘ஒகெ’ என்று ஏவாது, ‘அண்ணா, ஒகெயிரி’ என்றே மொழிவோம். ‘அண்ணா’ என்னும் சொல் இருமொழிக்கும் பொது. நம் பிள்ளைகளும் அவ்வாறே பழகுவாராக.