எத்திசையும் வரும் காமாக் கதிர்



பால்வீதி வெறுங்கண்ணுக்கு வெண்புகைபோலத் தோன்றும். 1610-ஆம் ஆண்டில் கலீலியோ அதனைத் தொலைநோக்கியால் ஆராய்ந்து, அது புகையன்று, எண்ணிறந்த விண்மீன்களின் கூட்டமே என்று அறிவித்தார். அத்தகைய வினாவொன்று இன்று காமாக் கதிரைப் பற்றியும் எழுந்துள்ளது.

காமாக் கதிரும் ஒளியின் இனமே. ஆற்றலில் எக்ஸ் கதிரையும் விஞ்சியது. விண்ணிலிருந்து வரும் அதனைக் காற்று மண்டலம் தடுத்துவிடுவதால், கருவிகளை மேலே அனுப்ப வேண்டியதாயிற்று. 1961-இல் சென்ற எக்ஸ்புளோரர் 11 என்னும் துணைக்கோள் 22 கதிர்களையே கண்டது. 1967-இல் சென்ற ஓ.எஸ்.ஓ. 3 என்பது 621 கதிர்களைப் பதிவு செய்தது. பால்வீதியின் திசையில் அவை செறிந்திருந்தன. ஆயினும் ஏனைத் திசைகளிலிருந்தும் பரவலாக வந்தன. இப்பரவலான ஒளியின் பிறப்பிடம் யாது?

மூன்று விடைகளைக் கூறலாம். முதலாவது, பிளேசர்கள். சில விண்மீன் மண்டலங்களின் நடுவே மாபெரும் கருந்துளை உண்டு. அதனருகிலிருந்து பீறிடும் தாரை நம்மை நோக்கியிருப்பின், அம்மண்டலம் பிளேசர் எனப்படும். இரண்டாவது, விண்மீன்கள் மிகுதியாகப் பிறக்கும் மண்டலங்கள். அங்கே வெடித்த விண்மீன்களால் விரைவூட்டப்பெற்ற துகள்கள் வாயுவில் மோதிக் காமாக் கதிரை உண்டாக்குகின்றன. மூன்றாவது, கண்ணுக்குப் புலப்படாத இருண்ட பொருளின் துகள்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளுதல். இஃது இன்னும் கருத்தளவிலேயே உள்ளது.

தனித்துத் தெரியாதவற்றை எவ்வாறு எண்ணுவது? புழுதித் தரையில் மழையின் முதல் துளிகள் புள்ளி புள்ளியாக விழும்; பனியோ எங்கும் ஒரே சீராக நனைக்கும். அதுபோல, பல சிறு மூலங்களிலிருந்து வரும் ஒளி இடத்துக்கிடம் சற்றே ஏறியிறங்கும். 2008-இல் செலுத்தப்பெற்ற ஃபெர்மி தொலைநோக்கியின் பதிவுகளில் இவ்வேறுபாட்டை அளந்தனர். 5,000 கோடி எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட பகுதியில், நம் மண்டலத்துக்கு அப்பாலிருந்து வரும் மொத்த ஒளியில் ஏறத்தாழ 86 விழுக்காடு தனித்தனி மூலங்களினுடையது, அவற்றுள் பெரும்பாலானவை பிளேசர்கள் என்று 2016-இல் கணித்தனர். இக்கணிப்பு ஏறத்தாழ 15 விழுக்காடு கூடலாம், குறையலாம். 2021-இல் வந்த மற்றோர் ஆய்வோ, விண்மீன்கள் பிறக்கும் மண்டலங்களே பரவலான ஒளியின் பெரும்பகுதிக்குக் காரணமாகலாம் என்றது. இவ்விரண்டையும் முழுமையாக ஏற்றால் கூட்டுத்தொகை மொத்தத்தை மிஞ்சக்கூடும். ஆகவே வழக்கு முடிந்துவிடவில்லை.

வகுப்பறையில் நான் விடைக்கு மட்டுமன்றி, வழிக்கும் மதிப்பெண் இட்டு வந்தேன். இங்கும் வழியே முதன்மை. தெரிந்த மூலங்களைச் சரிவரக் கழித்த பின்னரே, மீதியில் இருண்ட பொருளுக்கு இடமுண்டா என்று கேட்கலாம். கழித்தல் தவறினால், இல்லாத ஒன்றைக் கண்டதாகக் கூற நேரும். ஆரம்ப வகுப்பில் கற்ற கழித்தல், அண்டத்தின் கணக்கிலும் இவ்வளவு முதன்மையானது என்பதை நினைவில் வையுங்கள்.