குன்றுகளும் ஆறு பருவமும்



ஆண்டுத் தேர்வு முடிந்ததும் இளைஞர் உள்ளத்தில் எழுகின்ற முதல் ஆசை, மலைக்குப் போக வேண்டும் என்பதே. உதகையா, கோடைக்கானலா, ஏற்காடா என்று வீட்டில் பேச்சு நடக்கும். பொருள் உள்ளவர் போய் வருவர். இல்லாதவர், 'நமக்கு ஏது மலை?' என்று மனம் வாடி இருப்பர். இவ்விரு சாராரையும் நோக்கியே இன்று பேச விழைகின்றேன். புதுக்கோட்டை மாவட்டத்தில் வாழும் மாணவர் பலருக்கும், சைக்கிளில் சென்று மாலைக்குள் வீடு திரும்பும் தொலைவில் ஒரு குன்று இருக்கின்றது. அக்குன்று கோடை விடுமுறைக்கு மட்டும் உரியதன்று; ஆண்டு முழுவதும் நம்மை அழைத்துக்கொண்டே இருக்கின்றது.

மலைக்குப் போவதற்கு இரண்டு மாதமே ஏற்ற காலம் என்னும் எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது? 1819ஆம் ஆண்டில், கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் என்பவர் நீலகிரி மலைமேல் சென்றார். தோடரும் கோத்தரும் படகரும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த மலை அது. சமவெளியின் வெப்பத்தைத் தாங்கமாட்டாத ஆங்கிலேயர் அவர்க்குப் பின் அங்கே வீடுகள் எடுத்தனர். பின்னர்ச் சென்னை அரசாங்கமே கோடைதோறும் உதகைக்குப் பெயர்ந்து ஆட்சி நடத்தும் வழக்கம் உண்டாயிற்று. 'சீசன்' என்று நாம் இன்று சொல்லும் சொல் அவ்வழக்கத்தின் எச்சம் எனலாம்.

நம் முன்னோர் கணக்கு வேறு. அவர்கள் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தார்கள். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனியும் ஆடியும் முதுவேனில். இவற்றுள் எந்தப் பொழுதையும் அவர்கள் பயனற்றதென்று தள்ளவில்லை. அந்த ஆறு பொழுதிலும் நம் குன்றுகள் நமக்குக் காட்டுவன யாவை என்று பார்ப்போம்.

முதலில் குன்றுகளின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். நம் பக்கத்துப் பாறைகள் பூமியின் ஆழத்தில், பெரும் அழுத்தத்தின்கீழ் உருவானவை. மேலே மூடியிருந்த மண்ணும் கல்லும் நெடுங்காலத்தில் அரித்துப் போகவே, அழுத்தம் நீங்கியது. பாறை சற்றே விரிந்தது. வெங்காயத்தின் தோல் உரிவதுபோல் ஏடு ஏடாகப் பிளந்தது. வெயிலும் மழையும் அவ்வேலையைத் தொடர்ந்து செய்கின்றன. நார்த்தாமலைப் பாறைகள் யானையின் முதுகுபோல் வழுவழுப்பாகக் கவிந்திருப்பதன் காரணம் இதுவே. ஏடுகள் பிளந்த இடங்களில் குகைகளும், பள்ளங்களில் சுனைகளும் அமைகின்றன. வேனிலில் மனிதனுக்கு நிழலும் நீரும் அவற்றில் கிடைத்தன. ஆதலின் மனிதன் அங்கே சென்றான்.

கார் காலத்தில் விராலிமலைக்குச் செல்லுங்கள். முருகன் கோயில் கொண்ட அக்குன்றைச் சுற்றி மயில்கள் மிகுதி. மேகம் திரளும் நேரத்தில் அவற்றின் அகவலைக் கேட்கலாம். ஆனால் அக்காலத்தில் பிற்பகலில் இடியுடன் மழை வருதல் உண்டு. மொட்டைப் பாறைமேல் நிற்பவனுக்கு மின்னலே பெரும்பகை. வானம் கறுக்கத் தொடங்கியதும் இறங்கிவிடுதல் கோழைத்தனம் அன்று, அறிவுடைமை.

கூதிர் காலத்தில் மழை பெய்யும்போது குன்றேறுதல் கூடாது. பாசி படர்ந்த பாறை, பழகியவன் காலையும் வாரிவிடும். மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டும் நாளில் சித்தன்னவாசலுக்குப் புறப்படுங்கள். புதுக்கோட்டையிலிருந்து ஏறக்குறைய 16 கிலோமீட்டர். வழியிலுள்ள குளங்களில் சற்று நேரம் நின்று பாருங்கள்: தாமரை இலைமேல் உருளும் நீர்த்துளி, கலங்கிய நீரில் கிடக்கும் எருமை, துள்ளும் மீன். பிறகு அறிவர் கோயில் என்னும் சமணக் குடைவரைக்குள் சென்று விதானத்தை நிமிர்ந்து நோக்குங்கள். நீங்கள் வழியில் கண்ட குளமே அங்கே தீட்டப்பட்டிருக்கும். தாமரையும் மீனும் பறவைகளும் யானையும் எருமையும் அங்கே உள்ளன; மலர் பறிக்கும் மனிதரும் இருக்கின்றனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஓவியன் நம் ஊர்க் குளத்தை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கின்றான் என்பது, குளத்தைப் பார்த்துவிட்டுப் போகின்றவனுக்கே விளங்கும்.

முன்பனிக் காலம் நார்த்தாமலைக்கு உரியது. விடியற்காலையில் மேலமலை ஏறினால், பனிமூட்டம் விலக விலக வயல்களும் ஏரிகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் துலங்கும். அங்கே விசயாலய சோழீச்சரம் என்னும் அழகிய கற்றளி மேற்கு நோக்கி நிற்கின்றது. வெளிச்சுவர் சதுரமாகவும் உள்ளே கருவறை வட்டமாகவும் அமைந்த கோயில் அது. எதிரே பாறையில் இரண்டு குடைவரைகள். அவற்றுள் ஒன்றில் ஆளுயரத் திருமால் உருவங்கள் பன்னிரண்டு வரிசையாக நிற்கின்றன.

பின்பனியில், பங்குனித் திங்களில், அதே நார்த்தாமலை வேறு முகம் காட்டும். முத்துமாரியம்மன் திருவிழாவுக்கு மக்கள் வெள்ளமெனத் திரள்வர். மார்கழியில் தனிமையைக் கண்ட இடத்தில் பங்குனியில் ஒரு நாட்டையே காணலாம். கூட்டத்தை விரும்பாதவர் குடுமியான்மலைக்குச் செல்லலாம். அங்கே குன்றின் சரிவில், ஏழு பண்களின் சுர அமைப்பைக் கிரந்த எழுத்தில் பொறித்த புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு இருக்கின்றது. இசை பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் அதன்முன் நிற்றல் வேண்டும்.

இளவேனிலில் பாறை நெருப்பாய்க் கொதிக்கும். கதிரவன் எழுமுன் ஏறி, வெயில் ஏறுமுன் இறங்கிவிட வேண்டும். ஆனால் கோடைக்கும் ஒரு கொடை உண்டு. சித்தன்னவாசல் குன்றின் கிழக்குப்புறத்தில் நவச்சுனை என்னும் சுனை ஒன்று உண்டு. அதனுள் ஒரு சிறு குடைவரைக் கோயிலும் சிவலிங்கமும் இருக்கின்றன. சுனை நிறைந்திருக்கும்போது அவை நீருள் மறைந்துவிடும். நீர் குறையும்போதுதான் கண்ணுக்குப் புலனாகும்.

முதுவேனிலில் காற்றுக்குத் திருமயம். சேதுபதி மன்னர் 1687இல் எடுப்பித்த கோட்டை அது. கோட்டைக் குன்றின் உச்சியில் ஆடிக் காற்று ஆளையே தள்ளும். அடிவாரத்தில் ஒரே பாறையில் சிவனுக்கும் திருமாலுக்கும் பக்கம் பக்கமாகக் குடைவரைகள் உள்ளன. அவ்விரு கோயிலாருக்கும் இடையே நெடுநாள் இருந்த வழக்கு 13ஆம் நூற்றாண்டில் தீர்த்துவைக்கப்பட்டதையும் அங்குள்ள கல்வெட்டு கூறுகின்றது.

இவ்வளவும் செல்வர்க்கே இயலும் என்று யாரும் எண்ணவேண்டா. ஜெர்மனி நாட்டில் ரிச்சர்டு ஷிர்மன் என்னும் பள்ளி ஆசிரியர், தம் மாணவர்களை நடத்தியே வெளியூர்களுக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் உடையவர். 1909ஆம் ஆண்டில் ஒரு நடைப்பயணத்தின்போது புயல்மழை வந்துவிட்டது. ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வைக்கோல்மேல் படுத்து அவ்விரவைக் கழித்தனர். விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிகள் நடந்துவரும் இளைஞர்க்குத் தங்குமிடமாகலாமே என்ற எண்ணம் அவருக்கு அன்று பிறந்தது. இன்று உலகெங்கும் பரவியுள்ள இளைஞர் விடுதி இயக்கத்தின் தொடக்கம் அதுவே. செல்வம் அன்று, நடக்கும் காலும் காணும் கண்ணுமே பயணத்தின் முதல் என்பது அந்த ஆசிரியர் கண்ட உண்மை.

இனி, என் உள்ளத்தை உறுத்தும் செய்திக்கு வருகின்றேன். குன்றுகளுக்குச் செல்லும் இளைஞர் சிலர் ஆணியாலும் கரியாலும் தம் பெயரைப் பாறையிலும் சுவரிலும் கீறிவிட்டு வருகின்றனர். சித்தன்னவாசல் ஓவியம் பாறைமேல் பூசிய மெல்லிய சுண்ணச் சாந்தின்மேல் தீட்டப்பட்டது. விரல் நகம் பட்டாலும் உதிரக் கூடியது. உதிர்ந்தது உதிர்ந்ததுதான், மீண்டும் தீட்டினால் அது நம் ஓவியமாகுமே அன்றி அவர்கள் ஓவியம் ஆகாது.

'பழங்காலத்தவரும் பாறையில் பெயர் வெட்டினார்கள் அல்லவா?' என்று ஒருவன் கேட்கலாம். நல்ல கேள்வி. அவர்கள் யார், எதற்காக வெட்டினார்கள் என்று பார்த்துவிடுவோம்.

சித்தன்னவாசல் குன்றின்மேல் ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகை இருக்கின்றது. அதில் வழவழப்பாகச் செதுக்கிய பதினேழு கற்படுக்கைகள் உள்ளன. ஒருமுறை என்னுடன் வந்த சிறுவன் ஒருவன் அவற்றை உற்று நோக்கி, "ஐயா, தலையணையும் கல்லிலேயே செய்திருக்கிறார்களே!" என்று வியந்தான். ஆம், துறவியின் தலைக்கு உயரம் வேண்டும் என்று கல்தச்சன் நினைத்திருக்கின்றான். படுக்கை ஒன்றின் அருகே ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்து இருக்கின்றது. எருமிநாட்டில் பிறந்த ஒருவர்க்குச் சிறுபாவில் இளையர் என்பார் அவ்விருக்கையைச் செய்து தந்தார் என்பது அதன் கருத்து. எருமிநாடு என்பது மைசூர்ப் பக்கம் என்று அறிஞர் கருதுவர். வேற்று நாட்டிலிருந்து வந்தவர் உடல் சாய்க்க இடம் செய்து கொடுத்தமையால் அப்பெயர் கல்லில் ஏறிற்று.

அறிவர் கோயிலில் இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியரின் பெயர் இருக்கின்றது. 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் அவனிபசேகரன் காலத்தில், அவர் பழைய கோயிலைப் புதுப்பித்து முன்மண்டபமும் எடுப்பித்தார். நார்த்தாமலைக் கற்றளியில் மல்லன் விடுமன் என்பவன் பெயர் இருக்கின்றது. சாத்தன் பூதி எடுப்பித்த கோயில் மழையால் இடிந்தபோது அதைப் புதுக்கியவன் அவன். தான் புதுக்கியதைச் சொல்லும் கல்வெட்டே, முதலில் கட்டியவன் பெயரையும் மறவாமல் சொல்கின்றது.

குடுமியான்மலை இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. அந்த இசைக் கல்வெட்டைச் செய்வித்தவன் ஓர் அரசன். பாறை முழுவதும் அவனுடையது. ஆயினும் அவன் தன் இயற்பெயரைப் பொறிக்கவில்லை. உருத்திராசாரியர் என்னும் தன் ஆசிரியரின் பெயரைச் சொல்லி, அவர் மாணவன் என்று மட்டும் தன்னைக் குறிக்கின்றான். மாணவர் நலத்துக்காக இதனைச் செய்தேன் என்கின்றான். அவன் எந்த அரசன் என்று அறிஞர் இன்றும் ஆராய்கின்றனர். ஆசிரியர் பெயரில் ஐயமே இல்லை.

இப்போது கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. வந்தவர்க்கு இடம் கொடுத்தவன், பாழானதைப் புதுக்கியவன், கற்றதை மற்றவர்க்குத் தந்தவன் ஆகியோர் செய்த செயலை நினைவூட்டவே அவ்வெழுத்துகள் இருக்கின்றன. ஆணியால் கீறிய பெயரோ, இன்னான் இங்கு வந்து இதைக் கெடுத்தான் என்று மட்டுமே சொல்லும். அதையும் கல் நெடுங்காலம் காத்துவைக்கும் என்பதை மறவாதீர்கள்.

பயணத்துக்கு வேண்டுவன மிகச் சில. குடிநீர், தலைக்குத் துணி, வழுக்காத காலணி, ஒரு குறிப்பேடு. தனியே செல்லாதீர்கள், வீட்டில் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். தேன்கூடு உள்ள பாறையருகே புகை மூட்டாதீர்கள். செங்குத்தின் விளிம்பில் நின்று கைப்பேசியில் படம் எடுக்கும் ஆசையை அடக்குங்கள். கொண்டுசென்ற பிளாஸ்டிக் பையும் புட்டியும் உங்களுடனேயே திரும்பி வரட்டும். மாணவர்களை அழைத்துச் செல்லும்போது நான் ஒரு விதி வைத்திருந்தேன்: உச்சியை அடைந்ததும் கால் மணி நேரம் யாரும் பேசலாகாது, அதன்பின் ஒவ்வொருவரும் தாம் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். எறும்பின் சாரையைச் சொன்னவனும் உண்டு. தொலைவில் ஓடிய இரயில் வண்டியின் புகையைச் சொன்னவனும் உண்டு. ஒருவன் கண்டதை மற்றவன் கண்டதில்லை.

உதகைக்கும் கோடைக்கானலுக்கும் வாய்ப்பு வந்தால் மகிழ்ந்து சென்று வாருங்கள். ஆனால் ஒருமுறை பார்த்துத் திரும்பும் மலை நமக்கு விருந்தளிப்பதாகவே இருக்கும். ஆறு பருவத்திலும் சென்று பழகிய குன்றோ உறவாகிவிடும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊருக்கு அருகிலுள்ள குன்றுக்குப் புறப்படுங்கள். அங்கே யாரோ போட்டுவிட்டுப் போன ஒரு குப்பையைப் பொறுக்கி எடுத்து வாருங்கள். உங்கள் பெயர் எந்தப் பாறையிலும் ஏறாது. ஆயினும் இளங்கௌதமனும் மல்லன் விடுமனும் செய்த பணியில் உங்களுக்கும் ஒரு சிறு பங்கு சேரும்.