முதலாண்டும் குழுப்பணியும்



பொறியியல் கல்லூரியில் சேரும் நம் பிள்ளைகளின் முதலாண்டு பெரும்பாலும் கணிதத்திலும் இயற்பியலிலுமே கழிகின்றது. பொறியாளரின் பணி யாதென்று காணுமுன்பே சிலர் மனந்தளர்ந்து விடுகின்றனர்.

அமெரிக்காவில் சிகாகோவை அடுத்துள்ள நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 1990களின் பிற்பகுதியில் வேறொரு வழியை மேற்கொண்டது. முதலாண்டு மாணவர் நால்வர் குழுவாகச் சேர்ந்து, உடற்குறையுற்றோரைக் கண்டு அவர்தம் தேவையைக் கேட்டறிகின்றனர். ஒற்றைக் கையால் இயக்கத்தக்க சாதனம் போன்ற ஒன்றை எளிய பொருள்களால் செய்து, அவரிடமே கொடுத்துப் பார்த்துத் திருத்துகின்றனர். பொறியியல் ஆசிரியரும் எழுத்துப் பயிற்சி ஆசிரியரும் உடனிருந்து கற்பிக்கின்றனர்.

முறை நன்றே. ஆயினும், குழு அமைந்தவுடன் சமத்துவம் தானே வந்துவிடாது. ஊரையும் சேரியையும் அறிந்த நமக்கு இதனை எவரும் விளக்க வேண்டியதில்லை. மாணவரே கூடிக் குழு அமைத்தால், தெரிந்தவர் தெரிந்தவரோடு சேர்வர். தமிழ்வழியில் பயின்று வந்த பிள்ளை எஞ்சி நிற்கும். சேர்த்துக்கொண்டாலும், திருப்புளி ஒருவர் கையிலும் துடைப்பம் மற்றவர் கையிலுமாக முடியக்கூடும். ஆகவே ஆசிரியரே குழுக்களை அமைத்தல் வேண்டும். வரைதலும், செய்தலும், அவைமுன் விளக்குதலும் முறைவைத்து மாறுதல் வேண்டும்.

பல ஊர்களில் ஏரி மடை திறந்து நீர் பங்கிட்ட நீர்க்கட்டிகள் நம் முன்னோரே. அவ்வறிவைப் பொறியியல் என அன்று எவரும் அழைக்கவில்லை.

சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். பிளஸ் டூ முடித்த பிள்ளைகள், கல்லூரி திறக்குமுன் நால்வர் நால்வராய்க் கூடிப் பணிசெய்ய, ஓர் அறையும் சில கருவிகளும் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். ஒழுகும் குழாய் ஒன்றைச் சீர்செய்வதிலிருந்தே தொடங்கலாம்.