ஆறாத அச்சமும் இதயமும்



போரிலோ விபத்திலோ உற்ற பேரதிர்ச்சி, ஆண்டுகள் பல கடந்தும் தீக்கனவாகவும் திடுக்கிடலாகவும் சிலரைத் தொடர்வதுண்டு. அந்த மன உளைச்சல் நோய் இதயத்தையும் தாக்குமா?

வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கப் படையில் பணியாற்றிய 281 இரட்டையர் இணைகளை ஏறத்தாழ 13 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. உளைச்சல் உற்றோருள் நூற்றுக்கு 22 பேருக்கு மேல் இதயநோய் கண்டது. மற்றையோருள் 9 பேருக்கே. உடன்பிறந்த இருவருள் ஒருவர்க்கு மட்டும் உளைச்சல் இருந்த இணைகளிலும் வேறுபாடு நின்றது. ஆதலின் பரம்பரையையும் வளர்ப்பையும் மட்டும் காரணம் காட்ட இயலாது.

அஞ்சிய உடல் ஓயாது விழித்திருக்கிறது, உறக்கம் கெடுகிறது, குருதியழுத்தம் உயர்கிறது.

ஆகவே, அத்தகையோரிடம் ‘மறந்துவிடு’ என்று சொல்லி விலகாதீர்கள். மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இதயத்தையும் சோதிக்கச் செய்யுங்கள்.